கேஸ் தீர்வதில்லை, ஒழுகுகிறது

புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய கார் ஓட்டும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அக்கா தங்கைகளுக்கும்,

கத்திரி பிறக்கும் முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த நாள்களில் நம் ஊரில் எந்தக் கார் ஏசிக் கடை வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும்: "அண்ணே, கூலிங் வரல. கேஸ் மட்டும் போட்டு விடுங்க." இருபது வருடத்துக்கு மேல் அந்த வாசலுக்கு உள்பக்கம் நின்று இதைக் கேட்டவன் நான். ஸ்பேனரைக் கீழே வைத்து நாளாகிவிட்டது. தொழிலில் இருந்தபோது சொல்ல முடியாததை இப்போது சொல்லலாம் என்று இந்த மடல்.

மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, சுமோ, குவாலிஸ் என்று பத்து, பதினைந்து, இருபது வயது வண்டிகளை விற்க மனமில்லாமலோ, புதிது வாங்க வழியில்லாமலோ ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஸ்டாண்டில் போட்டு வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் இதில் அடக்கம்.

முதலில் என் பழைய கணக்கு ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன்.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். பழைய ஜென் வண்டி. ஒரு சித்திரையில் வந்தார், கேஸ் போட்டேன், ஐஸாக அடித்தது, போனார். அடுத்த சித்திரையிலும் அதே கதை. மூன்றாம் வருடம் வண்டியை நிறுத்திவிட்டு, "தம்பி, இது பெட்ரோலைவிடக் கேஸைத்தான் அதிகமாக் குடிக்கும் போலிருக்கு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று வண்டியை நிறுத்தி வைத்தேன். நைட்ரஜன் ஏற்றிவிட்டு, சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு போனேன். கம்ப்ரஸர் சுத்தம். கண்டென்ஸர் முனைகள் சுத்தம். ஹோஸ் மடிப்புகள் சுத்தம். ஒன்றரை மணி நேரம் போயிற்று. கடைசியில் கேஸ் ஏற்றுகிற வாயைப் பார்த்தேன். அதன் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. ஒரு சொட்டு நுரை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. அது உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று. உள்ளே இருக்கும் சின்ன வால்வு பின், சைக்கிள் டியூபில் இருக்குமே அந்த மாதிரிதான், அதன் ரப்பர் இற்றுப்போயிருந்தது. அதன் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். இரண்டு வருடமும் நான் கேஸ் ஏற்றியது அந்த வாய் வழியாகத்தான். நான் கை வைத்த இடமே ஒழுகியிருக்கிறது.

நான் ஏமாற்றவில்லை. அவர் கேட்டதைச் செய்தேன். ஆனால் வண்டி கேட்டது வேறு.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கேஸ் தீர்வதில்லை. பெட்ரோல் எரிந்து போகிறது, அதனால் மறுபடி ஊற்றுகிறோம். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் துளித்துளியாகக் கசியும் என்பது உண்மை. அதனால் பல வருடம் கழித்துச் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் வருடா வருடம் கேட்கிற வண்டியில் ஓட்டை இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தும் கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் கரையில் நண்டு வளை எங்கே என்று பார்ப்போமே தவிர, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற மாட்டோம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடும். அதுபோல கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி, முன்னால் கிரில்லுக்குப் பின் இருக்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டுச் சூடு தணிந்து, கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் டிரையரில் ஈரம் உறிஞ்சப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளை வழியாக டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் பீய்ச்சியடிக்கிறது. அங்கே அது மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே நியாயம்தான். இன்று பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அது கையில் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிறது. வீட்டில் டப்பா வாங்கி நீங்களே ஏற்றிப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இந்தச் சுற்றில் எங்கே தடங்கல் வந்தாலும் உங்களுக்குத் தெரிவது "கூலிங் வரல" என்பது மட்டும்தான். ஆனால் எப்போது வரவில்லை, எப்படி வரவில்லை என்று கவனித்துச் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

திருச்சி ரோட்டில் கீரனூர் தாண்டிப் போகும்போது நன்றாகக் குளிர்கிறது, கீழ ராஜ வீதி நெரிசலில் நின்றதும் சூடாக அடிக்கிறதா? அப்படியானால் கேஸை விட்டுவிட்டு முன்பக்கம் பாருங்கள். ஓடும்போது காற்று தானாகக் கண்டென்ஸரில் மோதுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஃபேன் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது கண்டென்ஸர் அடைத்திருக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. இஞ்சினையும் ஏசியையும் ஓட விட்டு, கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே சட்டென்று குளிர் கூடினால் கோளாறு காற்றோட்டத்தில்தான்.

காலையில் நன்றாக வேலை செய்கிறது, மதியம் ஒரு மணிக்கு மேல் திடீரென்று விட்டுவிடுகிறது, சாயங்காலம் மறுபடி வருகிறதா? பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஏசி பட்டனைப் போடச் சொல்லிக் காது கொடுங்கள். 'டக்' என்று கம்ப்ரஸர் முகத்தட்டு ஒட்டுகிற சத்தம் வர வேண்டும். பழைய வண்டியில் அந்தத் தட்டு தேய்ந்து, இடைவெளி கூடியிருக்கும். அது அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். இஞ்சின் சூட்டில், தட்டை இழுக்கும் காந்தக் காயிலின் பலம் குறைகிறது. குறைந்த பலத்தால் கூடிய இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியவில்லை. பல வண்டிகளில் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே இது சரியாகிவிடும். இந்தக் கோளாறுக்கு முழுக் கம்ப்ரஸரையே மாற்றிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சத்தமே வராத வண்டியில் முதலில் ஃபியூஸ், ரிலே, வயர். வயக்காட்டு ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் அருமையாக அடித்துவிட்டு, பிறகு காற்றின் வேகமே குறைந்துபோய், கொஞ்ச நேரம் நிறுத்தினால் திரும்ப வருகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. பனியைக் கவனித்து நிறுத்த வேண்டிய சென்ஸர் கெட்டிருக்கலாம். அல்லது காயிலில் தூசி அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் இருக்கலாம். காற்றின் வேகம் குறையாமல், குளிர் மட்டும் வந்து வந்து போனால் அது உள்ளே புகுந்த ஈரத்தின் வேலை. எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் ஈரம் உறைந்து அடைக்கிறது, உருகி விடுகிறது, மறுபடி உறைகிறது. அப்போது டிரையரை மாற்றியே ஆக வேண்டும்.

ஹீட்டர் என்று ஒன்று வண்டியில் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டையில் யாருக்கு அது தேவை? ஆனால் ஹீட்டருக்குத் தனி வால்வு உள்ள பழைய வண்டிகளில், வருடக் கணக்காக அசைக்காத கேபிள் இறுகி, வால்வு பாதி திறந்தபடி நின்றுவிடும். இஞ்சினின் சுடுதண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஏசி குளிர்விக்க, இன்னொரு பக்கம் ஹீட்டர் சுட வைக்க, நீங்கள் நடுவில் உட்கார்ந்து கேஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஏசி ஓடும்போது தண்ணீர் சொட்டினால் நல்ல அறிகுறி. சொட்டாமல் இடது பக்கம் கால் வைக்கிற கார்பெட் நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு முக்கியமான குற்றவாளி குளவி. மண்கூடு கட்டிவிடும். ஒரு மெல்லிய கம்பி போதும்.

வண்டி எங்கே நிற்கிறது என்பதும் நோயைச் சொல்லும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்து வண்டியென்றால் நான் முதலில் கண்டென்ஸரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். உப்புக் காற்றில் அலுமினியத் தகடு விரலில் பொடியாக உதிரும். கல் குவாரி, கிரஷர்ப் பக்கம் ஓடுகிற வண்டியில் தகடுகளுக்கு நடுவே கல் மாவு சிமெண்டு போல இறுகியிருக்கும். ஆலங்குடிச் செம்மண்ணில் ஓடிய வண்டியின் கேபின் ஃபில்டரைத் தட்டினால் செங்கல் பொடி மாதிரி கொட்டும். தைல மரத்தடியில் நிறுத்துகிறவர்களின் வண்டியில் கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலைக் குப்பை. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் போன பிறகு பல மாதம் வரை அப்படி இலையும் நாருமாக எடுத்துக்கொண்டிருந்தோம். கழுவும்போது இஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுப் போகும் வழி அடைந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் குளிரவில்லை என்றால் கடைக்குப் போங்கள். போனால் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். நம் வெயிலில் இஞ்சின் ஓடாதபோது இரண்டு முள்ளும் நூறு பவுண்டை ஒட்டியோ தாண்டியோ ஒரே அளவில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேஸ் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. சமையல் கேஸ் சிலிண்டர் பாதியானாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரிகிறது. அளவு தெரிய வேண்டுமானால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். இதுவும் அப்படித்தான்.

இஞ்சின் ஓடும்போது முள் பேசும். தாழ்வு பக்கம் 30, 40 பவுண்டும், உயர்வு பக்கம் 200, 250 பவுண்டும் இருந்தால் நம் வெயிலுக்கு ஆரோக்கியம். இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்ஸர் சூடு தணியவில்லை, இல்லாவிட்டால் யாரோ கேஸை அதிகம் அடைத்திருக்கிறார்கள். தாழ்வு பக்கம் ஏறி, உயர்வு பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. இந்த மூன்றில் ஒன்றில்தான் கேஸுக்கு வேலை. மற்ற இரண்டிலும் "கேஸ் மட்டும்" போட்டால் காசும் போகும், சில சமயம் கம்ப்ரஸரும் போகும்.

கேஸ் குறைவு என்று தெரிந்தால் ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள். கேஸ் வெளியேறும்போது கொஞ்சம் கம்ப்ரஸர் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கேதான் நண்டு வளை. அழுத்திச் சோதிக்க உலர்ந்த நைட்ரஜன் மட்டும்தான். வெறும் காற்றடித்தால் ஈரம் உள்ளே போகும். பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்ஸிஜன் வாங்கி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எண்ணெயும் அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்பை அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் கேஸைத் தராசில் வைத்து எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டித்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முந்திய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வண்டி பிறக்கும்போது அதில் இருந்தது ஆர்-12. ஒரு காலத்தில் நம் மேட்டூரிலும் தயாரான கேஸ்தான். அது ஆகாயத்தில் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, 1987இல் மான்ட்ரியாலில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. 2010 பிறந்தபோது இந்த வகைக் கேஸ்களின் உற்பத்திக்கு இங்கே முடிவு கட்டியாகிவிட்டது. அந்த வண்டிக்கு ஆர்-134ஏ ஏற்றலாம். ஆனால் பழைய மினரல் ஆயிலோடு இது கலக்காது. ஆயில், ஓ-ரிங், டிரையர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். அப்படியே மேலே ஏற்றினால் எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரஸர் இறுகிவிடும்.

மலிவு கேஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2011இல் வெளிநாட்டுத் துறைமுகங்களில் குளிர்க் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் உள்ளே போயிருந்த போலிக் கேஸில் மீதைல் குளோரைடு இருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. வீட்டு சிலிண்டர் கேஸையே காரில் ஏற்றினால் குளிரத்தான் செய்யும். ஆனால் அதற்கென்று செய்யாத வண்டியில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் எரிகிற கேஸை அடைத்து வைப்பதற்கு நான் துணை போக மாட்டேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு வலு அதற்கு. அரை கிலோ ஒழுகினால் 700 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்ட மாதிரி. சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சமம். சின்னக் காரில் சென்னைக்கு ஐந்தாறு தடவை போய்வந்த புகை அது. வருடா வருடம் கேஸ் போட்டுக்கொள்கிறவர், அடுத்த கத்திரிக்கும் சேர்த்தே வெயில் ஏற்றுகிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு மெக்கானிக்குகளைக் குற்றம் சொல்லத் தோன்றும். நியாயம்தான், நான் என்னையும் சேர்த்தே சொன்னேன். ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் தேடி, டீ விலைப் பின் ஒன்றை மாற்றி, தேடிய கூலி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால், "ஒரு பின்னுக்கா இவ்வளவு?" என்று சண்டைக்கு வருவீர்கள். அதே காசை "கேஸ்" என்று எழுதினால் பேசாமல் கொடுப்பீர்கள். பொருளுக்குக் காசு கொடுக்கப் பழகிய நமக்குத் தேடலுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கேஸுக்குக் கொடுக்கிறோம், கண்ணெதிரே குனிந்து நிற்கிறவனின் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் தேடத் தெரிந்த பையன்கள்கூடத் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

எல்லா வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. கம்ப்ரஸர் உள்ளே உடைந்து உலோகப் பொடி குழாயெல்லாம் பரவியிருந்தால், கண்டென்ஸர், டிரையர், வால்வு என்று வரிசையாகச் செலவு நீளும். அப்போது வண்டியின் மதிப்பையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதிலும் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவைச் சோதித்த பிறகு எடுங்கள். கடைக்குப் போனதும் "கேஸ் போடுங்க" என்று தொடங்காமல், "எங்கே ஒழுகுதுன்னு பாருங்க, பார்க்கிற கூலி தர்றேன்" என்று தொடங்குங்கள். பேச்சு மாறினால் வேலையும் மாறும்.

அந்த ஆலங்குடிப் பெரியவர் நாலாவது சித்திரையிலும் வந்தார். எனக்குத் திக்கென்றது. "என்னய்யா, மறுபடியுமா?" என்றேன். பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்த் தரையைக் காட்டினார். என் கடை வாசலின் காய்ந்த மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதன் நடுவில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"பிரேக்கு சத்தம் போடுது, பக்கத்துக் கடைக்கு வந்தேன்" என்றார்.

இப்படிக்கு,
உங்களில் பலருக்கு ஒரு காலத்தில் கேஸ் மட்டும் போட்டுக் கொடுத்த
பழைய கார் ஏசி மெக்கானிக்,
புதுக்கோட்டை